பெரிய எழுத்து இல்லாத ஊரில்

குத்தாய்சியில் லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
இருபது தேத்ரி விழுந்தால்
ஒரு இருமல் இருமிவிட்டு ஏறும்.
என்னிடம் சில்லறை இருந்ததே இல்லை.
மூன்றாம் மாடி எத்தேரிக்கு அது தெரியும்.
படியில் என் செருப்புச் சத்தம் கேட்டால்
கதவைக் காலால் தடுத்துக்கொண்டு நிற்பார்,
இரண்டு கையிலும் வெங்காயத்தாள்.
நான் ஏழாம் மாடி.
எனக்காகவே ஏழுவரை வந்துவிட்டுக்
கீழே நடந்து போவார்.

ரொட்டிக்கு இங்கே பூரி என்று பெயர்.
வந்த மறுநாள் அதைக் கேட்டு
நான் சிரித்த சிரிப்பை
நுக்ஸார் இன்னும் மறக்கவில்லை.
கிணறு போன்ற அடுப்புக்குள்
இடுப்புவரை தலைகீழாய்க் குனிந்து
படகு மாதிரி ஒன்றை உரித்தெடுத்துத் தருவார்.
எங்கள் பூரி உருண்டை, உப்பிக்கொண்டு வரும் என்று
கன்னத்தை ஊதிக் காட்டினேன் ஒருநாள்.
அதிலிருந்து என்னைக் கண்டால்
வணக்கத்துக்குப் பதில்
கன்னத்தை ஊதுகிறார்.

அவர் மகன் தெருமுனையிலிருந்து
"மாமா!" என்று கத்தியபடி ஓடிவந்தான்.
நான் மாமாவைத் தேடினேன்.
திரும்பிப் பார்த்தது அப்பா.

மாலை ஏழு மணிக்கு ஆங்கில வகுப்பு.
டாக்ஸி ஓட்டும் பத்ரி,
மருந்துக்கடை த்சித்சினோ,
கொட்டை வியாபாரி ஓத்தார்,
டப்ளினில் ஓட்டல் அறை துடைக்கப் போகும் லாமாரா.
நால்வரும் 'நான்' என்பதைச்
சின்ன எழுத்தில் எழுதுவார்கள்.
நான் சிவப்பில் சுழிப்பேன்.
அடுத்த வாரமும் சின்னதாகவே வரும்.

பத்ரி கேட்டார்:
நீ சின்னது, அவள் சின்னது, நாம்கூடச் சின்னது,
இந்த 'நான்' மட்டும் எதற்கு
நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான்?

இலக்கணப் புத்தகத்தில் விடை இருக்கும்.
நான் தேடவில்லை.
எங்கள் எழுத்திலும் பெரிது சிறிது கிடையாது என்றேன்.
இந்த ஊர் எழுத்திலும் கிடையாது.
எழுத்துகள் எழுந்து நிற்காத இரண்டு மொழிக்காரர்கள்
மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.
ஓத்தார் பையிலிருந்து கொட்டைகளை எடுத்து
வீட்டுப்பாட நோட்டின்மேல் கொட்டினார்.
அன்று அதற்குமேல் பாடம் நடக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி மின்சாரம் போனது.
ரியோனி ஆற்றின் இரைச்சல் வகுப்புக்குள் வந்து உட்கார்ந்தது.
யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.
இருட்டில் எனக்குப் பரீட்சை வைத்தார்கள்:
தவளை தண்ணீரில் கத்துகிறது,
சொல்லு டீச்சர்.

தவளை தொண்டைக்கு அடியில் இருக்கிறது,
இவர்களுடைய மூன்றாவது 'க'வில்.
நானோ ஒரே 'க'வை வைத்துக்கொண்டு
நாலு ஒலிக்குக் குடித்தனம் நடத்தும்
மொழியிலிருந்து வந்தவள்.
செருமினேன். காறினேன்.
தவளை செத்துவிட்டது என்றார் த்சித்சினோ,
இருமலுக்கு மருந்து வேண்டுமா?

பழிக்குப் பழியாக 'மழை' சொல்லச் சொன்னேன்.
மலை என்றார்கள், மஷை என்றார்கள்.
அதுவரை வாய் திறக்காத லாமாரா
ஜன்னலைப் பார்த்தபடி
சாவகாசமாகச் சொன்னாள்: மழை.
எங்கள் செய்தி வாசிப்பாளர்களுக்கே வராத ழ.
வெளியே நிஜமாகவே பெய்துகொண்டிருந்தது.

ஏப்ரலில் அவள் போய்விட்டாள்.
நேற்று ஒரு தபால் அட்டை வந்தது.
நான் வந்து சேர்ந்தேன்.
நான் நாளைக்குப் பதினாறு அறை துடைக்கிறேன்.
நான் இங்கேயும் மழையில் இருக்கிறேன்.
மூன்று 'நான்', மூன்றும் சின்னது.
கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடியது.
எடுத்து, மூடியைப் போட்டு வைத்துவிட்டேன்.

இன்று பையில் எப்படியோ ஒரு இருபது தேத்ரி.
நானே போடுகிறேன் என்று எத்தேரியை முந்தினேன்.
லிஃப்ட் காசை விழுங்கி, இருமி,
நின்ற இடத்திலேயே நின்றது.
எத்தேரி ஒரு கட்டு வெங்காயத்தாளை
என் கையில் கொடுத்தார்.
இருவரும் படியேறினோம்,
மாடிக்கு ஒரு சொல்லாக
ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டே,
அவர் மொழியில் ஒன்று,
என் மொழியில் ஒன்று.
மூன்று வந்தது.
அவர் நிற்கவில்லை.