பட்டாணி அளவு

முதலில் புகை என்றுதான் நினைத்தேன்.
உலான்பாதரில் ஜனவரி பிறந்துவிட்டால்
எதற்கும் காரணம் புகைதான்:
இருமலுக்கு, கறுத்துப்போன காலருக்கு,
விடிந்தும் விடியாத காலைக்கு.
அதனால், குலான் படுக்கையில் உட்கார்ந்து
"அம்மா, இன்னும் ராத்திரியா?" என்று கேட்டபோது,
பீளை உலர்ந்து இரண்டு இமைகளும்
ஒட்டிக் கிடந்ததைப் பார்த்தபோது,
நான் திட்டியது அடுப்பை.

குழாயைக் கழற்றி, வெளியே கொண்டுபோய்,
தட்டி, உதறி, மறுபடி சொருகினேன்.
மைனஸ் முப்பத்தொன்று.
கையுறை இரும்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

பிறகு வேலியருகே போய்
லுவ்சானைக் கூப்பிட்டுக் கத்தினேன்.
அவன் பழைய டயர் எரிப்பது தெருவுக்கே தெரியும்.
"உன் புகைபோக்கி என் பிள்ளையின் கண்ணைத் தின்கிறது!"
அவன் மறுக்கவில்லை.
அவன் மகன் ஓச்சிர், அப்பாவின் கால்களுக்கிடையே
தலையை நீட்டி என்னை வேடிக்கை பார்த்தான்.
குலானும் அவனும் ஒரே மழலையர் பள்ளி.
மத்தியானத் தூக்கத்துக்கு அடுத்தடுத்த கட்டில்.

உப்பும் பாலும் சேர்க்காத தேநீரில்
பஞ்சை நனைத்து
ஒவ்வொரு இமைமயிராகப் பிரித்தெடுத்தேன்.
கண்ணை இமை காப்பதுபோல என்கிறோம்.
இமையே உள்ளிருந்து தாழ் போட்டுக்கொண்டால்
யாரிடம் போய்ச் சாவி கேட்பது?
திறந்ததும், வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில்
அப்போதுதான் அறுத்த இறைச்சியின் நிறம்.

டாக்டர் ஓயுங்கெரெல் கண்ணைப் பிறகுதான் பார்த்தார்.
முதலில் காதுக்கு முன்னால் விரலை வைத்து அழுத்தினார்.
குலான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.
என் விரலைப் பிடித்து
அதே இடத்தில் வைத்தார்.
பட்டாணி அளவு.
தோலுக்கு அடியில் நழுவியது.
"புகைக்கு இது வீங்காது. போன வாரம் தொண்டை வலி, காய்ச்சல்?"
இருந்தது. சளி என்று விட்டுவிட்டேன்.
"வைரஸ். தொண்டைக்கு வந்தது கண்ணையும் பிடித்திருக்கிறது."

மருந்துச் சீட்டுக்குக் கை நீட்டினேன்.
தனித் துண்டு. தனித் தலையணை.
குளிர்ந்த துணி. கை கழுவவும். இரண்டு வாரம்.
"அவ்வளவுதானா?"
"அவ்வளவையும் செய்து பாருங்கள்" என்றார்.

எழுதுவது எளிது.
எங்கள் மேட்டுக்குத் தண்ணீர்
இருபது லிட்டர் கேனில், சறுக்குவண்டியில்,
என் தோள் இழுக்க வருகிறது.
அந்த இரண்டு வாரம் சூப் குறைந்தது.
கை கழுவியது கழுவியபடி.

நான்காம் நாள் காலை
வேலிக்கு அப்பால் ஓச்சிர் அழுதான்.
அடிபட்ட அழுகை அல்ல, பசி அல்ல.
கண் விழித்தும் உலகம் வராதவனின் அழுகை.
எனக்கு அது இப்போது தெரியும்.
அது எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போனது
என்பதும் தெரியும்.

ஒரு கேன் தண்ணீரோடு போனேன்.
லுவ்சான் கதவைத் திறந்தான்.
கத்துவது இப்போது அவன் முறை.
அவன் கத்தவில்லை; அது இன்னும் மோசமாக இருந்தது.
"முதலில் கையைக் கழுவு" என்றேன்.
தார் படிந்து வெடித்த அவனுடைய விரலை
மகனின் காதுக்கு முன்னால் வைத்தேன்.
"தெரிகிறதா?"
"ஏதோ... உருளுகிறது."
"அதுதான்."
அதற்கு மேல் மன்னிப்பு எப்படிக் கேட்பதென்று
எனக்குத் தெரியவில்லை.
பஞ்சை அவனிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் சிவப்பு வடிந்தது.
ஒரு மாலை, பேருந்து நிறுத்தத்தில்,
குலான் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:
"அம்மா, தெருவிளக்குக்கு மயிர் முளைத்திருக்கிறது."
மறுபடி டாக்டரிடம் ஓடினேன்.
கருவிழியில் சின்னச் சின்ன மங்கல் புள்ளிகள்,
சண்டை முடிந்தும் கலையாமல் நிற்கும் படை,
கோடைக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும் என்றார்.

திரும்பும் வழியில் அதே விளக்கின் கீழ் நின்று
நானும் நிமிர்ந்தேன்.
எனக்கும் மயிர்தான். அடர்த்தியாக, மஞ்சளாக.
மேட்டில் யாரோ டயர் எரிக்கிறார்கள்.
அவளுடையது கோடையில் உதிருமாம்.