பதித்த ஆண்டு

தாமிரபரணியை மானூர்ப் பக்கம் கொண்டுபோகும்
ஆறு அங்குல வார்ப்பிரும்புக் குழாய்க்கு
மதிப்பெண் போடுகிறேன்.
மண் கரிசல்: சித்திரையில் பிளக்கும், ஐப்பசியில் ஊதும்.
நாலு.
போன வருசம் மூன்று உடைப்பு.
அஞ்சே போடலாம்.
பதித்த ஆண்டு?
பதிவேட்டில் அந்தப் பக்கம் கரையானுக்குப் போயிற்று.
கட்டம் காலியாக இருந்தால்
கணினி நகராது.
என் பிறந்த வருசத்தை அடித்தேன்.
சிவப்பு மஞ்சளாயிற்று.
மஞ்சளென்றால்
அடுத்த பட்ஜெட்.

ராத்திரி ரெண்டு மணிக்கு
ரசூல் மைதீன் இரும்புக்கம்பியைத் தாரில் ஊன்றிக்
காதை வைத்தார்.
"சீத்து சீத்துன்னு கேக்கு மேடம்.
எந்த இடம்னுதான் பிடிபட மாட்டேங்கு."

பத்தடி தள்ளி
மழை காணாத ரோட்டில்
ஒரு நாய்
ஒரே இடத்தை
நக்கிக்கொண்டிருந்தது.