பனிக்குக் கட்டம் இல்லை

காலை எட்டரைக்கு மழைமானியைத் திறக்கிறேன்.
புனலுக்கடியில், செம்புக் குடுவையில்,
தேன்சிட்டு ஒன்று குடித்தால் தீர்ந்துபோகும் தண்ணீர்.
நேற்று வானம் ஒரு துளி சிந்தவில்லை.
இது பனி.
ராத்திரி புனலின் விளிம்பில் வந்து உட்கார்ந்து
விடியும்வரை நழுவி நழுவி
உள்ளே இறங்கியிருக்கிறது.

எஸ்டேட் நோட்டில் மழைக்குக் கட்டம் உண்டு.
காற்றுக்கு உண்டு, பறித்த கொழுந்துக்கு,
வேலைக்கு வராத ஆளுக்கு,
மிளா மேய்ந்து அழித்த பாத்திக்குக்கூட உண்டு.
பனிக்கு இல்லை.
“பூஜ்யம் போடு” என்பார் மத்தாயி சார்.
பதினொரு வருஷமாகப் போடுகிறேன்.
மாசி மாதப் பக்கங்களில் என் கையெழுத்தில்
வட்டம் வட்டமாக உட்கார்ந்திருக்கிறது பனி.

தம்பி அருள்சீலன் லடாக்கில்
ரோட்டுப் பனியை வெட்டி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறான்.
அம்பை பஸ் திரும்பும் வளைவுக்கு மேலே
தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஒரு கோடு சிக்னல் கிடைக்கும்.
மப்ளரைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு பேசுவேன்.
“அக்கா, இங்க பனி உருகுது” என்றான் புதன்கிழமை.
“இங்கயுந்தாம்ல. எட்டு மணிக்கே மலை தெளிஞ்சிருது.”
சிரித்தான்.
“அது இல்லக்கா, இது ரெண்டு ஆள் உயரம்.”

சொல் ஒன்றுதான்.
அவன் அதை இரும்புப் பல்லால் கடித்துத் துப்புகிறான்.
நான் முந்தானையால் துடைத்துவிடுகிறேன்.

கேட்டுப்பாரு என்று போனை வெளியே நீட்டினான்.
முதலில் காற்று. பிறகு எங்கோ
தகரத்தின்மேல்
சொட்டு.
கொஞ்சம் பொறுத்து, சொட்டு.
குழாயைச் சரியாக மூடாத வீட்டில் தூங்குவதுபோல் இருந்தது.

“உள்ள கெடந்தது எல்லாம் வெளிய வருது.
கார்த்திகைல நான் தொலைச்ச ஸ்பேனர்,
ஒத்தச் செருப்பு, பவுடர் டப்பா,
ஒரு கோவேறு கழுதை, கண்ணைத் தொறந்தமேனிக்கு.”
அப்புறம் குரலை இறக்கி,
“சேரிங் இன்னும் கெடைக்கல” என்றான்.
தை மாதச் சரிவில் போனவன்.
என் தம்பிக்கு உப்புப் போட்ட தேநீர் பழக்கியவன்,
போன வருஷம் போனில் எனக்கு
“அக்கா சாப்டியா” என்று இரண்டு வார்த்தை பேசியவன்.

குருத்து ஞாயிறுக்கு வருவதாக இருந்தான் தம்பி.
“ரோடு தொறந்தாச்சு, லீவும் போட்டாச்சு.
நாப்பத்தொண்ணாவது கிலோமீட்டர் வளைவுல மட்டும்
வெயில் விழல. அது உருகட்டும்.”
சரி என்றேன்.
வேறு என்ன சொல்ல முடியும்
உருகுவதற்காகக் காத்திருப்பவனிடம்?

இங்கே பனி விலகினால் எதுவும் அகப்படுவதில்லை.
கீழே மணிமுத்தாறு அணை
தேய்த்துக் கவிழ்த்த பித்தளைத் தட்டாகத் தெரியும்.
அட்டைகள் எங்கோ மண்ணுக்குள் போய்விடும்.
நாங்கு மரம் சிவப்பாகத் தளிர்விட்டு,
தீப்பிடித்ததோ என்று
புதிதாக வந்த வாட்ச்மேனை ஓடவைக்கும்.
ஓடைச் சத்தம் நாளுக்கு நாள் மெலியும்.
அவன் ஊரில் பனி போனால் ஆறு வருமாம்.
எங்களுக்குப் போனது போனதுதான்.

வியாழக்கிழமை அளவுக்குழாயில் ஊற்றிப் பார்த்து,
பென்சிலால் எழுதினேன்:
0.2. மழை அல்ல.
மத்தாயி சார் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்,
இறக்கிப் பார்த்தார், ரப்பரை எடுத்தார்.
அந்த இடத்தில் காகிதம்
இப்போது கொஞ்சம் மெலிந்திருக்கிறது.

இன்று பங்குனி மூன்று.
குடுவையைக் கவிழ்த்தேன். ஒன்றும் விழவில்லை.
விரலை விட்டுத் துழாவினேன்.
செம்பு காய்ந்து, லேசாகச் சுட்டது.
பூஜ்யம் போட்டேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட்டது.

மப்ளர் இல்லாமல் மேட்டுக்கு நடந்தேன்.
அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது.
எடுக்கவில்லை.
வளைவில் வெயில் விழுந்திருக்கும்.