தனாகாவுக்கும் தாம்ஸனுக்கும் நடுவில்

அறுபத்துமூன்று பேரை
இன்றிரவு மறுபடி திருப்பிப் போடவேண்டும்.
முதல் இதழ் எண் கேட்டது, சதுர அடைப்புக்குள்.
இரண்டாவது, எண்ணைத் தூக்கி
வாக்கியத்தின் தலையில் வைக்கச் சொன்னது.
மூன்றாவது வேண்டாம் என்று சொல்ல
பதினொரு நாள் எடுத்துக்கொண்டது,
அதற்காக ஆண்டுகளையெல்லாம் கடைசிக்குத் தள்ளியிருந்தேன்.
இப்போது நான்காவது:
பெயர், அடைப்புக்குள் ஆண்டு, முற்றுப்புள்ளி,
இதழின் பெயர் சாய்வெழுத்தில்,
தொகுதி எண்ணும் சாய வேண்டும்,
அதை ஒட்டிய வெளியீட்டு எண் சாயக்கூடாது.
ஏன் என்று கேட்காதே என்றார் நெறியாளர்.
ஏன் என்று கேட்டுத்தான் சார்
ஆராய்ச்சிக்கே வந்தேன்.

வேளச்சேரி, மூன்றாம் மாடி.
நவம்பர் மழை பால்கனிவரை வந்து
பெனசீர் காயப்போட்ட வெள்ளைக் கோட்டை
நனைத்துவிட்டுப் போயிருக்கிறது.
நைட் டூட்டிக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தாள்:
"இன்னும் கமாதான் போட்டுட்டிருக்கியா?"
அவள் வார்டில் ஒரு புள்ளி இடம் மாறினால்
மருந்து பத்து மடங்கு.
இங்கே மாறினால் யாரும் சாவதில்லை,
மின்னஞ்சல் வரும், அவ்வளவுதான்.

குடும்பப் பெயர் என்ன என்கிறது மென்பொருள்.
இல்லை என்றால் அடுத்த பக்கம் திறக்காது.
அப்பாவைக் கொடுத்தேன்.
அம்பத்தூரில் மோட்டார் காயில் சுற்றுகிறவர்
முன்னால் போய் நிற்கிறார்,
ஒரு கமா தள்ளி நான், ஒற்றை எழுத்தாக:
கொடுமுடி, பூ.

பதினெட்டாம் பதிவு எங்கள் பழைய கட்டுரை.
ஆறு பேர்வரை எழுதலாம்,
அதற்குமேல் 'மற்றும் பலர்'.
ஏழாவது பெயர் என்னுடையது.
பள்ளிக்கரணைச் சேற்றில் முட்டிவரை நின்று
நாற்பது குப்பியில் தண்ணீர் மொண்டவள்
பலரில் இருக்கிறேன்.
நானே அழித்தேன்,
நானே புள்ளியும் வைத்தேன்.

சிக்கல் அதில் இல்லை, தாவீதில்.
பெருங்குடி தண்ணீர் லாரி டிரைவர்.
எந்தக் கிணறு எந்த மாதம் உப்பானது என்பதற்கு
அரசாங்க அளவீட்டில் நான்கு வருடம் வெறும் கோடு.
தாவீதின் நோட்டில் கோடு கிடையாது.
'செங்கேணி தோட்டம். ரெண்டு நடை.
டீ திரிஞ்சிடுச்சு. இனி எடுக்கல.'
என் மூன்றாம் வரைபடத்தின் வளைவு
அந்த டீயில்தான் திரும்புகிறது.

ஓரத்தில் சிவப்பு மையில் நெறியாளர்:
தனிப்பட்ட உரையாடல் பட்டியலில் வராது, நீக்கு.
உரையாடல் இல்லை, எழுத்து.
பால்பாயின்ட் பேனாவில், தேதி போட்டு.
கையேட்டில் இருநூற்றுச் சொச்சம் பக்கம் தேடியபின்
இருந்தது ஒரு விதி:
அச்சேறாத கையெழுத்துப்படி எனில்
பாதுகாக்கப்படும் இடத்தைக் குறிப்பிடுக.

தாவீது, ம. (2004–2017).
லாரி நடைக் குறிப்பேடு [கோடு போட்ட நோட்டு, ஒன்பது].
டிரைவர் சீட்டுக்கு அடியில், அரிசிப் பையில்,
பெருங்குடி.

அடுக்கு என்று பொத்தானை அழுத்தினேன்.
ஆங்கில எழுத்து வரிசை.
தனாகாவுக்கும் தாம்ஸனுக்கும் நடுவில்
ஷேர் ஆட்டோவில் ஏறுபவரைப்போல
இடுக்கி உட்கார்ந்தார் தாவீது.
தாம்ஸன் ஒரு வரி கீழே இறங்கிக்கொண்டார்.
பதிப்பாளர் கட்டம் மட்டும் சிவப்பாக மின்னுகிறது.
மின்னட்டும்.

நாலே முக்காலுக்குத் தெருவில் ஹார்ன்.
எங்கள் கட்டடத்துக்கு வாரம் மூன்று லாரி.
இவன் வேறு டிரைவர், மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.
குப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
குழாயை மாட்டிக்கொண்டிருந்தவனிடம்
எங்கிருந்து எடுத்தது என்று கேட்டேன்.
நிமிராமல் சொன்னான்:
"நேத்து எடுத்த அதே எடந்தாங்கா."

குப்பியின் மேல் எழுதினேன்:
மேலது.