ஆறு கவராயங்கள்

ஓவிய ஆசிரியைக்குக் காய்ச்சல்.
கணக்கு எடுக்கும் என்னை அனுப்பினார்கள்
ஆறு கவராயங்களோடு.
முப்பத்தெட்டுப் பிள்ளைகள்.
ஜன்னலை அடைத்து உலான்பாத்தரின் கரிப்புகை.

முந்நூற்றறுபதைப் பன்னிரண்டால் வகுங்கள் என்றேன்,
இதழுக்கு முப்பது பாகை,
அவ்வளவுதான் மண்டலா.
மடாலயத்தில் மணலில் செய்து கலைத்துவிடுவார்களே
என்றாள் ஹூலான்.
கலைக்க நம்மிடம் ரப்பர் இருக்கிறது, வரை.

கடைசி பெஞ்சில் தொகல்தூர்.
ஹோவ்தில் ஆடெல்லாம் பனியில் போக
போன மாதம் நகரத்துக்கு வந்தவன்.
கவராயம் வரும்வரை அவன் காத்திருக்கவில்லை,
தேநீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டம் போட்டுவிட்டான்.
கிண்ணத்துக்கு ஏது ஊசி?
"மையம் எங்கேடா?"

பதில் சொல்லாமல் வட்டத்தைக் கத்தரித்தான்.
பாதியாய் ஒரு மடிப்பு.
பிரித்து, குறுக்கே இன்னொன்று.
விரித்து என் பக்கம் தள்ளினான்:
கோடுகள் இரண்டும் உரசிக்கொண்ட இடம்
காகிதத்தில் ஒரு சின்ன மேடு.
விரல் வைத்தால்தான் தெரியும்.

இருபது வருடமாய் நான்
குத்தித்தான் தொடங்கியிருக்கிறேன்.

மணியடித்தது.
இரண்டாம் ஷிஃப்ட் பிள்ளைகள் வாசலில்
பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டிருக்க
கவராயங்களை எண்ணினேன்.
ஐந்து.
தேடவில்லை.