நாலு விரற்கடை

மொக்காவா நிலையத்தில்
இரண்டு தண்டவாளங்கள் அருகருகே வந்து நிற்கின்றன,
பேச்சு நின்றுபோன சம்பந்திகளைப் போல.
போலந்திலிருந்து வருவது ஒடுக்கம்.
கிழக்கே போவது
அதைவிட நாலு விரற்கடை அகலம்.
ஜார் காலத்தில் எவனோ அளந்து வைத்த அந்த நாலு விரலில்தான்
என் சம்பளம் ஓடுகிறது.
இங்கிருந்து தூக்கி அங்கே வைப்பேன்:
உரம், பலகை, சலவை இயந்திரம்.
இன்றிரவு ராணுவச் சுமை.
பதினான்கு பெட்டி.

நெதர்லாந்தின் கவச வண்டிகள் ஒன்பது.
செக் நாட்டு மிதவைப் பாலம், நாலு துண்டாய்.
கடைசியில் ஒற்றை ஆம்புலன்ஸ்,
போர்ச்சுக்கலின் உப்புக்காற்று தின்ற கதவோடு.

பதினோரு மணிநேரம் வழியில் கிடந்து வந்தவை.
ஒரு நாட்டுப் படிவம் எண்ணெயோடு சேர்த்து எடை கேட்டதாம்,
அடுத்த நாட்டுப் படிவம் எண்ணெய் இல்லாமல்.
பாலத்துக்குப் பொறுப்பான போகுமீலா
இரண்டு தாளையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாய் எடைமேடையில் ஏற்றினாளாம்.
தொலைபேசியில் சொன்னாள்:
"யார் நண்பன் என்று பாலத்துக்குத் தெரியாது, ஜிவிலே.
டன் தெரியும், அவ்வளவுதான்."

காலையில் எங்கோ ஒரு தலைநகரில்
அமைச்சர்கள் தோளோடு தோள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.
நீள மேசை. வரிசையாய்ப் பேனாக்கள்.
இங்கே
சார்ஜன்ட் வௌட்டரின் சங்கிலி ஆணி நாற்பது மில்லிமீட்டர்,
எங்கள் பெட்டியின் துளை முப்பத்தெட்டு.

லாதாஸ் அரத்தை எடுத்தான்.
கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டிக்கொண்டான்.
உறைநிலைக்குப் பதினாறு பாகை கீழே
கர்ர்... கர்ர்... என்று ஒரு மணிநேரம்.
வௌட்டர் விளக்குப் பிடித்தான்.
இதற்கு ஒப்பந்தத்தில் என்ன பெயரோ,
தேடிப் பார்க்க வேண்டும்.

"தொடங்கினால் இவர்கள் இருப்பார்களா?"
ராவுவதை நிறுத்தாமல் கேட்டான் லாதாஸ், எங்கள் மொழியில்.
நான் பதில் சொல்லவில்லை.
நாற்பத்தொன்பதின் மார்ச்சில்
இவன் தாய்வழிக் குடும்பத்தை
ஆடு மாடு ஏற்றும் பெட்டியில் கொண்டுபோனது
இந்த அகலத்தில்தான்.
அன்று எந்தப் பாலமும் எடை கேட்கவில்லை.

கிரேன் ஏறினேன்.
நிறுத்து என்பதற்கு எல்லாருக்கும் ஒரே சொல்.
மெல்ல என்பதற்குத்தான் இல்லை.
நான் பமாஜு என்றேன்.
போலந்து ஓட்டுநர் பொமாவு என்றான், சிரித்தான்,
ஒரே சொல்லின் அக்கா தங்கை.
வௌட்டர் வேறேதோ சொன்னான், தொண்டைக்குள்.
ஆம்புலன்ஸ்காரி ஒலிந்தா மட்டும்
வாய் திறக்கவில்லை;
உள்ளங்கையைக் கவிழ்த்து
காற்றை அமுக்கினாள்,
தூங்கும் பிள்ளையின் முதுகைத் தட்டுவது மாதிரி.
அதற்குப் பிறகு எல்லாரும் அப்படியே செய்தோம்.

பதினான்கும் இடம் மாறின.
ஒன்று மட்டும் ஒரு விரல் பிசகியது. திரும்பத் தூக்கினேன்.

படிவத்தில் இறக்கும் இடம் உண்டு,
பெறுபவர் உண்டு, முத்திரைக்கு மூன்று கட்டம்.
திரும்பும் நாள் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்திருந்தார்கள்.
எத்தனை பேர் என்று நானாகவே எண்ணி
ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
நாற்பத்தொன்று.
யாரும் கேட்கவில்லை. எனக்காகத்தான்.

கௌனாஸ் தாண்டியும் இனி ஒடுக்கப் பாதையே போகுமாம்,
ரீகா, தாலின் வரை.
வார்சாவில் ஏற்றினால் இறக்கவே வேண்டாமாம்.
அன்று என் கிரேன் துருப்பிடிக்கும்.
பிடிக்கட்டும்.

விடியும்போது ரயில் போய்விட்டிருந்தது.
லாதாஸ் நின்ற இடத்தில்
பனியின் மேல் ஒரு பிடி இரும்புத் தூள்,
அதற்குள் சிவக்கத் தொடங்கி.
இரண்டு மில்லிமீட்டர்.
இன்னும் எண்பத்தைந்து இருக்கிறது.