கலாபோவை நீக்கியபின்

"ஏன் கலாபோ?" என்று கேட்டிருந்தார்
பெயர் சொல்லாத மதிப்பீட்டாளர்.
"இந்த ஊரிலிருந்து மற்றவர்கள் கற்க என்ன இருக்கிறது?"

நலுகுயி அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி
மேசைவிளக்கின் கழுத்தில் ஒட்டிவைத்தாள்.

பிப்ரவரி வந்தால்
சாம்பேசி ஆறு சமவெளி முழுக்கப் படுத்துக்கொள்ளும்.
வார்டு எல்லைகள் தண்ணீருக்கடியில் போய்விடும்.
மேட்டுக்கு ஏறிய குடும்பங்களைத் தேடி
படகில் போவார் எழுத்தர் முபுக்வானு.
மடியில் வரிப்பதிவேடு,
பதிவேட்டின் மேல் மழைக்கோட்டு,
அவர்மேல் மழை.

கரையேறிய மாட்டுக்கு வரி
எந்த வார்டின் கணக்கு?
நான்கு மணிநேரம் நடந்த அந்தக் கூட்டத்தை
அவள் வரிவரியாகக் குறித்திருந்தாள்:
யார் எழுந்தார், யார் சிரித்தார்,
ஆள் குறைந்து கூட்டம் கலைந்த நிமிடம்,
உறுப்பினர் நமுஷி
துடுப்பைக் கீழே வைக்காமலே பேசியது.

இரவு, மின்சாரம் வந்த ஒன்றரை மணிநேரத்தில்
மற்றவர்கள் எழுதியதைத் தேடினாள்.
'நகர மன்றமும் நம்பிக்கையும்'.
திறந்தால் இங்கிலாந்தில் மூன்று ஊர்கள்.
'உள்ளாட்சி வரியில் வாக்காளர் மனம்'.
ஒரு டேனிஷ் தீவு.
'சிற்றூர் ஆட்சி: ஒரு கோட்பாடு'.
அந்தச் சிற்றூரில்
குப்பை வண்டி செவ்வாய்க்கிழமை வரும்.

எதன் தலைப்பிலும் ஊர்ப்பெயர் இல்லை.
அவை ஊர்களே அல்ல போலும்,
உலகம்.

நம்முடையவைதான்
முதல்நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளை மாதிரி
நாடு, மாகாணம், மாவட்டம் எழுதிய அட்டையைக்
கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன,
தொலைந்துபோனால் யாராவது
கொண்டுவந்து விட வேண்டுமே.

சொந்த நாட்டுக்குள்ளும் எண்ணிப் பார்த்தாள்.
லுசாகா பற்றி நாற்பத்தொன்று.
மேற்கு மாகாணம் பற்றி இரண்டு.
அதில் ஒன்று மீனைப் பற்றியது.

பிறகு, எண்ணாமல் விட்டிருக்கலாம்,
தன்னுடைய வார்டுகளையும் எண்ணினாள்.
பத்து.
பத்தும் வண்டி போகும் பாதையோரம்.
மணலில் இரண்டு நாள் தள்ளி இருப்பவற்றுக்கு
டீசல் காணாது என்று
ஆய்வின் வரம்புகள் பகுதியில்
ஒரே வாக்கியம் எழுதியிருந்தாள்.
அங்கேயும் யாரோ ஒரு நமுஷி
பேசிக்கொண்டிருப்பாள்.
அந்த வாக்கியத்தை அழித்து
ஒரு பக்கமாக எழுதினாள்.

தலைப்பில் மட்டும் கைவைத்தாள்.
கலாபோவை நீக்கினாள், சாம்பியாவை நீக்கினாள்.
மிஞ்சியது:
'எல்லை நகரும்போது உள்ளாட்சி'.
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவ்வளவு இலேசாக இருந்தது.

ஒன்பது வாரத்தில் பதில் வந்தது.
நல்ல ஆய்வு, சிறு திருத்தங்கள்.
முதல் திருத்தம்:
எந்த நாடு என்று
தலைப்பிலேயே குறிப்பிடவும்.

'டென்மார்க்கும் குறிப்பிடட்டும்' என்று தட்டச்சினாள்.
அழித்தாள்.
'நன்றி, சேர்த்துவிட்டேன்' என்று அனுப்பினாள்.

அன்று மாலை முபுக்வானு தொலைபேசியில்:
வெள்ளம் வடியத் தொடங்கிவிட்டது,
ஏழாம் வார்டின் எல்லைக்கல்
ஆறாம் வார்டில் கிடக்கிறது,
வந்து பார்க்கிறாயா?